போர்ட் கோளாறும் அவசர வைத்தியமும்

சேமிப்பு வலையமைப்பின் ஸ்விட்சில் ஒரு போர்ட்டின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது என்று செய்தி வந்ததும், அதைப் பார்க்கச் செல்லும் ஊழியர் முதலில் செய்வது யாது? பெரும்பாலும் கேபிளைக் கழற்றி, மீண்டும் செருகிப் பார்க்கிறார். விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. எரியாவிட்டால் எஸ்.எஃப்.பி. எனப்படும் ஒளி மாற்றியை மாற்றுகிறார். அதுவும் பயன்படாவிட்டால் கேபிளையும் மாற்றுகிறார். கடைசியாக ஸ்விட்சையே நிறுத்தி மீண்டும் இயக்குகிறார். இவற்றுள் ஏதேனும் ஒன்று பலித்தும் விடுகிறது. பலித்துவிடுவதே இம்முறையின் பெருங்குறை. ஏனெனில், கோளாறு எங்கிருந்தது, எதனால் நேர்ந்தது என்பதற்கான சாட்சியங்கள் யாவும் அந்த அவசரத்தில் அழிந்துபோகின்றன. பத்து நாட்களுக்குப் பின் அதே கோளாறு திரும்பி வரும்போது, ஊழியர் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

இவ்வலையமைப்பு மின்னஞ்சலும் இணையமும் செல்லும் சாதாரண வலையமைப்பினின்றும் வேறானது. பெரிய தரவு மையங்களில் கணக்கிடும் வேலையைச் சர்வர்கள் செய்கின்றன. எழுதி வைக்கும் வேலையைத் தனியே நிற்கும் வட்டுப் பேழைகள் செய்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே ஓடுவதே சேமிப்பு வலையமைப்பு. 1994-இல் அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்ட ஃபைபர் சேனல் முறை இதில் இன்றும் பரவலாக வழங்குகிறது. இதில் தகவல், ஃபிரேம் எனப்படும் சிறு கட்டுகளாகச் செல்கிறது. தலைப்பும் வாலும் சேர்த்து ஒரு ஃபிரேம் 2,148 பைட்டுகளுக்கு மேல் போவதில்லை. வழியில் ஒரு ஃபிரேம் கெட்டுப்போனால், சேமிப்புக்கு வழக்கமாகப் பயன்படும் மூன்றாம் வகைச் சேவையில் வலையமைப்பு அதைத் திரும்ப அனுப்புவதில்லை. சர்வர் தானே காத்திருந்து, காலக்கெடு கடந்தபின் மறுபடி கேட்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் வட்டுக் கட்டளைக்குரிய வழக்கமான கெடு 30 விநாடி. மருத்துவமனைப் பதிவுச் சாளரத்தில் நோயாளி ஒருவர் நிற்கையில் திரை அரை நிமிடம் உறைந்து போவதற்கு ஒரே ஒரு ஃபிரேமின் சேதம் போதும். ஆகவே போர்ட் கோளாறு என்பது இயந்திர அறையோடு முடிந்துவிடும் விஷயமன்று.

ஒரு போர்ட் இணைப்புப் பெறுவது படிப்படியாக நிகழும் செயல். முதலில் எஸ்.எஃப்.பி. இருக்க வேண்டும். பிறகு எதிர்முனையிலிருந்து ஒளி வந்து சேர வேண்டும். அவ்வொளியில் உள்ள துடிப்புகளைச் சொற்களாகப் பிரித்தறியும் ஒத்திசைவு ஏற்பட வேண்டும். அதன்பின் இரு முனைகளும் விதிப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். புரோகேடு வகை ஸ்விட்சில் 'ஸ்விட்ச்ஷோ' என்னும் கட்டளையை இட்டால், போர்ட் எந்தப் படியில் நின்றுவிட்டது என்பதை ஸ்விட்சே கூறிவிடுகிறது: நோ மாட்யூல், நோ லைட், நோ சிங்க், இன் சிங்க், ஆன்லைன். சிஸ்கோ ஸ்விட்சுகளில் சொற்கள் வேறு, படிகள் அவையேதாம். இந்த ஒரு சொல்லைப் படித்துக் குறித்துக்கொள்ளாமல் கேபிளில் கைவைப்பது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

'நோ லைட்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதைக் கண்டதும் இப்பக்கத்து எஸ்.எஃப்.பி.யை மாற்றுவது வழக்கமாயிருக்கிறது. ஆனால் அச்சொல் கூறுவது, உள்ளே வரும் ஒளி இல்லை என்பது. வெளியே அனுப்பும் ஒளியைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. எனவே ஐயப்பட வேண்டியது எதிர்முனையில் அனுப்பும் பகுதியும், இடைப்பட்ட பாதையுமே. எதிர்முனைச் சர்வர் நிறுத்தப்பட்டிருக்கலாம். அங்குள்ள போர்ட்டை யாரேனும் முடக்கி வைத்திருக்கலாம். இழைகள் இரண்டும் இடம் மாறி, அனுப்பும் முனையோடு அனுப்பும் முனை சேர்ந்திருக்கலாம். பெறும் பகுதியே பழுதாகியிருப்பதும் உண்டு, எனினும் அது பட்டியலின் கடைசியில் வர வேண்டியது. ஒரு சொல்லைச் சரியாகப் படித்தால் நான்கு வேலைகளில் இரண்டு குறைகின்றன.

ஒளி வருகிறது, ஆயினும் போதவில்லை என்னும் நிலைதான் களத்தில் மிகுதியாகக் காண்பது. அதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவது தகும். 1966-இல் சார்ல்ஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை, கண்ணாடி இழையில் ஒளி மங்குவதற்குக் கண்ணாடியின் இயல்பைவிட அதில் கலந்துள்ள மாசே காரணம் என்று காட்டியது. அதன் பின்னர் இழையின் உள்மாசு நீக்கப்பட்டுவிட்டது. இன்று தரவு மையங்களில் பயன்படும் பன்முறை இழையில் 850 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 3 டெசிபெல் அளவே குன்றுகிறது. ஆனால் இழையின் முனையில் படியும் தூசு மட்டும் ஆராய்ச்சிக்கூடத்தால் தீர்க்கப்படாமல் ஊழியரின் கையிலேயே விடப்பட்டிருக்கிறது. ஒளி செல்லும் மையத்தின் விட்டம் பன்முறை இழையில் 50 மைக்ரான். தொலைதூரத்துக்குரிய ஒருமுறை இழையில் சுமார் 9 மைக்ரான். தலைமயிரின் பருமனைவிடச் சிறிய இவ்வாசலில் விரல்ரேகை எண்ணெயின் ஒரு துளி பட்டாலும் வாசல் அடைபடும். கேபிளைக் கழற்றிச் செருகும்போது அழுக்கு ஓரளவு விலகி, விளக்கு எரிகிறது. அதோடு அவ்வழுக்கு எதிர்முனைக்கும் ஒட்டிக்கொள்கிறது. பிறகு புதிய எஸ்.எஃப்.பி. போட்டால், பழைய கேபிள் அதையும் அழுக்காக்குகிறது. நல்ல எஸ்.எஃப்.பி. குப்பைக்குப் போக, குற்றவாளியான கேபிள் பதவியில் நீடிக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி தேவையில்லை என்பதுதான் வியப்பு. எஸ்.எஃப்.பி. தானே அனுப்பும் ஒளியையும் பெறும் ஒளியையும் அளந்து ஸ்விட்சுக்குச் சொல்கிறது. 'எஸ்எஃப்பிஷோ' என்ற கட்டளை அதை டெசிபெல்-மில்லிவாட்டில் காட்டுகிறது. பூஜ்யம் என்றால் 1 மில்லிவாட். கழித்தல் 3 என்றால் அதில் பாதி. கழித்தல் 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. எதிர்முனையில் கழித்தல் 3 புறப்பட்டு, இங்கே கழித்தல் 10 வந்து சேர்கிறது என்று கொள்வோம். வழியில் 7 டெசிபெல் போயிற்று. அதாவது புறப்பட்டதில் ஐந்தில் ஒரு பங்கே வந்தது. கேபிளின் நீளம் 100 மீட்டர் எனில் இழையில் போகக்கூடியது 0.3 டெசிபெல், நல்ல இணைப்பான் ஒவ்வொன்றிலும் அரை டெசிபெல் வரை போகலாம். மீதி எங்கே போயிற்று? அழுக்கு, அல்லது கேபிள் கட்டும் பட்டையால் இறுக்கி மடக்கப்பட்ட வளைவு. இவ்விரண்டையும் தேடினால் போதும். எட்டாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய இக்கணக்கை, கேபிளைத் தொடுவதற்கு முன் ஒரு துண்டுத்தாளில் போட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே.

முனையைச் சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று பொருளன்று. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டு செல்லுதலும், உருப்பெருக்கியை வைத்து நேரே நோக்குதலும் கூடா. திரையில் காட்டும் வீடியோ நுண்ணோக்கியே ஏற்றது. துடைப்பதற்கு 1.25 மில்லிமீட்டர் முனைக்கென்று செய்த உலர் துடைப்பான் இருக்கிறது. சட்டை நுனி அதற்கு ஈடாகாது. தூசி மூடியும் அழுக்காயிருக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது.

ஒளி போதுமான அளவு வந்தும் 'நோ சிங்க்' என்று நின்றால், வேகத்தைப் பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு எஸ்.எஃப்.பி. மூன்று வேகங்களையே அறியும். 8 கிகாபிட் எஸ்.எஃப்.பி. 8, 4, 2 ஆகியவற்றையும், 16 கிகாபிட் எஸ்.எஃப்.பி. 16, 8, 4 ஆகியவற்றையும், 32 கிகாபிட் எஸ்.எஃப்.பி. 32, 16, 8 ஆகியவற்றையும் ஏற்கும். ஆகவே 2 கிகாபிட் மட்டுமே அறிந்த பழைய டேப் இயந்திரம் ஒன்றைப் புதிய 16 கிகாபிட் போர்ட்டில் செருகிவிட்டு நாள் முழுதும் காத்திருந்தாலும் பயனில்லை. தூரமும் வேகத்தோடு சேர்ந்தது. ஓஎம்2 எனப்படும் பழைய வகை இழை 4 கிகாபிட்டுக்கு 150 மீட்டர் தாங்கியது. 8 கிகாபிட்டுக்கு 50 மீட்டர். 16 கிகாபிட்டுக்கு 35 மீட்டர் மட்டுமே. ஓஎம்3 இழை 16 கிகாபிட்டுக்கு 100 மீட்டரும், 32 கிகாபிட்டுக்கு 70 மீட்டரும் தாங்கும். ஸ்விட்சைப் புதுப்பித்துவிட்டு, தரையடியில் கிடக்கும் இழையை அப்படியே விட்டுவைத்த இடங்களில், பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய பாதை திடீரென்று நோய்வாய்ப்படுவது இதனாலேயே. கேபிளின் மேலுறையில் அச்சிட்ட எழுத்துகளைப் படிப்பதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இனிக் கவுண்டர்கள். பிழை நேரும்போதெல்லாம் ஸ்விட்ச் எண்ணிக்கொண்டே வருகிறது. 'போர்ட்எர்ஷோ' கட்டளை அவ்வெண்களை வரிசையாகக் காட்டுகிறது. இவற்றைப் படிப்பதில் இரண்டு தவறுகள் சாதாரணமாக நேர்கின்றன. முதலாவது, அவ்வெண்கள் கடைசியாகத் துடைக்கப்பட்ட நாளிலிருந்து சேர்ந்தவை என்பதை மறப்பது. நாற்பதாயிரம் பிழைகள் என்பது மூன்றாண்டுச் சேமிப்பாயிருந்தால் ஒரு பொருள். இன்று காலை முதல் வந்ததாயிருந்தால் வேறு பொருள். முதலில் எண்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு துடைத்து, நேரத்தைக் குறித்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்ப்பதே முறை. இரண்டாவது தவறு, கேபிளைக் கழற்றும் செயலே இணைப்பு முறிவு, ஒத்திசைவு இழப்பு, ஒளி இழப்பு ஆகிய எண்களை ஏற்றிவிடும் என்பதை எண்ணாமலிருப்பது. தாமே பதித்த அடிச்சுவட்டைத் திருடனுடையது என்று பின்தொடர்வோரும் உண்டு. ஸ்விட்சை நிறுத்தி இயக்கினாலோ எண்கள் யாவும் பூஜ்யமாகிவிடும். அது அடிச்சுவடுகள் உள்ள மணலையே வாரிக் கொட்டிவிடுவதற்குச் சமம்.

கவுண்டர்களுள் ஒன்று தனியே குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு ஃபிரேமின் வாலிலும் சரிபார்க்கும் எண் ஒன்று உண்டு. அது பொருந்தாவிட்டால் ஃபிரேம் கெட்டுவிட்டது என்று பொருள். ஆனால் சில ஸ்விட்சுகள் ஃபிரேமின் தலையைப் பார்த்தவுடனே அதை அடுத்த போர்ட்டுக்கு அனுப்பத் தொடங்கிவிடுகின்றன. வால் வந்து சேர்ந்து பிழை தெரியும்போது தலை வெளியேறியிருக்கும். ஆகவே ஒரே கெட்ட ஃபிரேம் மூன்று ஸ்விட்சுகளைக் கடந்து, மூன்றிலும் பிழையாகப் பதிகிறது. மூன்று இடங்களிலும் கேபிளை மாற்றும் ஊழியர்மேல் குற்றமில்லை. மூன்று இடங்களிலும் எண் ஏறியிருக்கிறதே! இதற்காகவே முதன்முதலில் பிழையைக் கண்ட ஸ்விட்ச் ஃபிரேமின் முடிவுக் குறியை மாற்றி, 'இது கெட்டது' என்று முத்திரையிட்டு அனுப்புகிறது. முத்திரை இல்லாமல், முடிவுக் குறி நன்றாயிருந்து சரிபார்ப்பு மட்டும் தவறிய ஃபிரேம்களை எண்ணும் கவுண்டர் தனியே இருக்கிறது. பட்டியலில் 'சிஆர்சி ஜி-ஈஓஎஃப்' என்ற தலைப்பின் கீழ் அதைக் காணலாம். அது எந்தப் போர்ட்டில் ஏறுகிறதோ, அந்தப் போர்ட்டுக்கு வரும் பாதையிலேதான் சேதம். மற்ற இடங்களில் தெரிபவை எதிரொலி. ஃபிரேமை முழுதும் பெற்றுச் சோதித்தபின் அனுப்பும் வகை ஸ்விட்சுகளில் இந்த மயக்கம் இல்லை. கெட்டது நுழைவாசலிலேயே தள்ளப்படும்.

ஏறும் எண் எல்லாம் நோயின் அடையாளமும் அன்று. 8 கிகாபிட் வேகத்தில், ஃபிரேம்களுக்கு இடையே வெற்றிடத்தை நிரப்பும் சொல் எது என்பதில் பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, ஒரு கவுண்டர் ஓயாமல் ஓடும். தகவலுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அமைப்பு ஒன்றை மாற்றினால் நின்றுவிடும். 16 கிகாபிட் முதல் குறியாக்க முறையே மாறிவிட்டது. 32 கிகாபிட்டில் சிறு பிழைகளைப் பெறுமுனையே திருத்திக்கொள்கிறது. அங்கே திருத்தப்பட்டவற்றின் எண்ணிக்கையைவிடத் திருத்த முடியாதவற்றின் எண்ணிக்கையே கவனத்துக்குரியது. ஆகவே 4 கிகாபிட் காலத்தில் எழுதிய குறிப்பேட்டை இன்றும் மனப்பாடமாக ஒப்பிப்பது சரியன்று.

இவ்விடத்தில் ஒரு கருத்தை வலியுறுத்தல் வேண்டும். முற்றிலும் இறந்த போர்ட்டைவிடப் பாதி உயிருள்ள போர்ட்டே அபாயமானது. ஒழுங்காக அமைந்த நிலையங்களில் ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு தனி வலையமைப்புகளின் வழியாகப் பாதை உண்டு. ஒரு போர்ட் இறந்தால், சர்வரிலுள்ள பல்பாதை மென்பொருள் சில நொடிகளில் வேலை முழுவதையும் மறு பாதைக்கு மாற்றிவிடும். பயனாளிக்குத் தெரியவும் தெரியாது. பாதி உயிருள்ள போர்ட்டோ அவ்வாறன்று. அது இணைந்திருப்பதாகவே காட்டிக்கொள்கிறது. நூற்றுக்கு ஒன்றாக ஃபிரேம்களைக் கெடுக்கிறது. மென்பொருள் அதை நம்பி மீண்டும் மீண்டும் அதிலேயே அனுப்புகிறது.

தீங்கு அவ்வளவோடு நிற்பதில்லை. ஃபைபர் சேனலில் ஃபிரேம் அனுப்புவோர், பெறுவோரிடம் காலியிடம் இருக்கிறது என்பதற்கு அடையாளமான கிரெடிட் ஒன்றைச் செலவிட்டே அனுப்ப வேண்டும். ஒற்றைப் பாதை ரயிலில் டோக்கன் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்காததைப் போன்றது இது. ஃபிரேமைப் பெற்றவர் இடத்தைக் காலி செய்ததும் ஒரு சிறு குறியை அனுப்பி கிரெடிட்டைத் திருப்பித் தருகிறார். அழுக்குக் கேபிளில் அக்குறியே சிதைந்துபோனால் ஒரு கிரெடிட் தொலைந்தது. ஒன்றொன்றாகத் தொலைந்து எல்லாம் தீர்ந்தால் போர்ட் அசைவற்று நிற்கும். சுமார் 2 விநாடி கழிந்து இணைப்பு மீட்டமைக்கப்பட்டாலன்றி எழாது. இதற்குள் அதற்காக வந்த ஃபிரேம்கள் ஸ்விட்சுகளுக்கிடையே உள்ள பொதுப் பாதையில் தேங்கி நிற்க, அக்கேபிளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத பத்துச் சர்வர்கள் மெதுவாகிவிடுகின்றன. புகார் அந்தப் பத்து இடங்களிலிருந்து வருகிறது. அழுக்குக் கேபிள் இருக்கும் இடத்திலிருந்து வராமலும் போகலாம்.

ஆதலால், நோயுற்ற போர்ட் என்று உறுதியானதும் அதைத் தாமே முடக்கிவிட்டு, பிறகு ஆற அமரக் காரணம் தேடுவதே நன்று. 'ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதா? மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வது?' என்ற தயக்கம் இதற்குத் தடையாகிறது. தயக்கம் நியாயமானதே. முடக்குவதற்கு முன், மறு பாதை உண்மையாகவே உயிரோடு இருக்கிறதா என்று சர்வரில் பார்த்தாக வேண்டும். இரண்டாவது பாதை ஆறு மாதத்துக்கு முன்பே அறுந்து எவரும் கவனிக்காமலிருந்தால், முடக்கிய கை பெரும் விபத்தை வரவழைக்கும். ஆனால் அதைப் பார்த்த பின்னும் முடக்காமலிருப்பது எச்சரிக்கையாகாது. இம்முடிவை எடுக்கும் அதிகாரத்தைக் களப்பணியாளருக்கு எழுத்து மூலம் அளிப்பது நிர்வாகத்தின் கடமை. இரவு 2 மணிக்கு அனுமதி தேடித் தொலைபேசியில் மூன்று பேரை எழுப்ப வேண்டிய ஏற்பாட்டில், எந்த ஊழியரும் கேபிளைக் கழற்றிச் செருகும் பழைய வழியையே நாடுவார்.

போர்ட் ஆன்லைன் ஆகியும் சர்வருக்கு வட்டு தெரியவில்லை என்றால், கேபிளையும் எஸ்.எஃப்.பி.யையும் விட்டுவிட வேண்டும். அவை தம் வேலையை முடித்துவிட்டன. சர்வரின் அட்டையை மாற்றினால் அதன் உலகப் பெயர், அதாவது பதினாறு பதினறும இலக்கங்கள் கொண்ட அடையாளம், மாறிவிடும். மண்டலப் பட்டியலிலும் வட்டுப் பேழையின் அனுமதிப் பட்டியலிலும் பழைய பெயரே இருக்கும். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும் இதே விளைவுதான். மற்றொரு விந்தையான காரணமும் உண்டு: எல்லாம் சரியாயிருந்தும் போர்ட் முடங்கியே இருப்பதற்கு, அந்தப் போர்ட்டுக்கு உரிமம் வாங்கப்படாமையே காரணமாகச் சில வேளை இருக்கிறது. அதையும் ஸ்விட்ச் தன் பட்டியலில் எழுதிக் காட்டுகிறது; படிப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

பயிற்சிப் பள்ளிகளில் இப்பொருள் கற்பிக்கப்படும் முறையும் மாற வேண்டும். கட்டளைகளின் பட்டியலைக் கொடுத்து உருப்போடச் செய்வதே பாடமாகக் கருதப்படுகிறது. கட்டளை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒளி, ஒத்திசைவு, அறிமுகம், அனுமதி என்னும் படிகள் வேறுபடா. படிகளை அறிந்த மாணவன் அறியாத ஸ்விட்சின் முன்னும் திகைக்கமாட்டான். இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. தரவு மையங்கள் கழித்துவிடும் 8 கிகாபிட் ஸ்விட்ச் இரண்டும், பழைய சர்வர் ஒன்றும், சில கேபிள்களும் இருந்தால் போதும். ஒரு கேபிளின் முனையை விரலால் தொட்டு அழுக்காக்கலாம். ஒன்றில் இழைகளை இடம் மாற்றலாம். ஒரு போர்ட்டின் வேகத்தைப் பொருந்தாதபடி நிலைப்படுத்தலாம். மண்டலப் பட்டியலில் ஓர் இலக்கத்தைப் பிறழ எழுதலாம். மாணவர்களைக் கேபிளைத் தொடவிடாமல், திரையைப் பார்த்து மட்டும் ஒவ்வொரு கோளாறும் எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதித் தரச் செய்ய வேண்டும். விடை சரியானபின் துடைப்பானைக் கையில் கொடுக்கலாம்.

அலுவலகக் கொள்முதலிலும் இதே முன்பின் முறை வேண்டும். உபரி எஸ்.எஃப்.பி.கள் பெட்டி நிறைய வாங்கி வைக்கும் நிலையங்களில் முனையைச் சோதிக்கும் வீடியோ நுண்ணோக்கி ஒன்றுகூட இல்லாதிருப்பது உண்டு. ஒரு நிலையத்துக்கு ஒன்று வாங்க இயலாவிடில் மாவட்டத்துக்கு ஒன்று வாங்கலாம். துடைப்பானோ ஒவ்வொரு ஊழியரின் பையிலும் இருக்க வேண்டியது. அவற்றோடு ஒவ்வொரு அலமாரியின் கதவிலும் ஒரு குறிப்பேடு தொங்கவிடப்பட வேண்டும். நல்ல நிலையில் ஓடும் நாளிலேயே ஒவ்வொரு போர்ட்டும் பெறும் ஒளியின் அளவு, கேபிளின் வகை, நீளம், எதிர்முனையின் பெயர் ஆகியவற்றை அதில் பதிந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து வரலாம். இன்று கழித்தல் 7 காட்டும் போர்ட் சென்ற ஆண்டு கழித்தல் 4 காட்டியதா என்பதை எந்த ஸ்விட்சும் தானாகச் சொல்லாது. அதற்கு அந்தக் குறிப்பேட்டைத்தான் புரட்ட வேண்டும்.